கேள்வி-பதில்: பேங்க் வெப்சைட் திறக்க மாட்டேங்குது, அக்கா!

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "பழைய பிரவுசரில் பணம் அனுப்பாதீர்கள், முதலில் அதை அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. "நாங்கள் மாறத் தயார், பேங்க் விட்டால்தானே?" என்பதுதான் முக்கால்வாசிக் கடிதங்களில் இருக்கிறது. நியாயமான கேள்வி. சிம்மக்கல்லில் 2002-லிருந்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். இந்தக் கஷ்டத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே அப்படி ஒரு வரியில் கடந்து போயிருக்கக் கூடாது. இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அதற்குத்தான்.

கேள்வி: எங்கள் கடைக் கணக்கு இருக்கிற பேங்க், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இல்லாமல் உள்ளேயே விடாது. அதற்காகவே ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை வைத்திருக்கிறோம். அதுவும் இப்போது பாதியில் அணைந்துவிடுகிறது. புதிதாக வாங்கிய விண்டோஸ் 11-ல் எக்ஸ்ப்ளோரரே இல்லை. பேங்க் சொல்வதைக் கேட்பதா, நீங்கள் சொல்வதைக் கேட்பதா?
- மளிகை மொத்த வியாபாரக் கடைக் கணக்குப்பிள்ளை, கீழமாசி வீதி, மதுரை

பதில்: அண்ணே, உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே கடைக்கு வந்து அந்த சிஸ்டத்தைப் பார்த்தேன் இல்லையா, மற்ற வாசகர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வத்தல் மூட்டைக்கும் கல்லாவுக்கும் நடுவில், பழைய வேட்டித் துணி போர்த்தி இருந்தது அது. ஃபேன் இறக்கைகளில் மிளகாய்த் தூசி சிவப்பாக அப்பிக் கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் அண்ணன் செய்த முதல் வேலை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்து கம்ப்யூட்டரில் தேதியைத் திருத்தியது. உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி செத்துப்போனதால், தினமும் காலையில் அது 2009 ஜனவரி 1-ல் போய் நிற்கிறது. தேதி தப்பாக இருந்தால் பேங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் ஏற்காது, பக்கம் திறக்காது. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானே கண்டுபிடித்து இரண்டு வருஷமாகச் செய்துவருகிறார். அவரிடம்தான் உதவி எண்ணில், "உங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியலை, தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

உடனடி வழியை முதலில் சொல்கிறேன். பையச் செய்யுங்கள். புது கம்ப்யூட்டரில் எட்ஜ் பிரவுசர் இருக்கும். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், அதற்குள் டீஃபால்ட் பிரவுசர். அங்கே 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மோட்' என்று வரும் இடத்தில் 'அலவ்' கொடுத்து, எட்ஜை மூடித் திறக்க வேண்டும். பிறகு அதே இடத்தில், பேங்க் லாகின் பக்கத்தின் முகவரியை மட்டும் சேர்க்க வேண்டும். அந்த ஒரு பக்கம் மட்டும் பழைய எக்ஸ்ப்ளோரர் போல நடந்துகொள்ளும், மற்றதெல்லாம் புதுசாகவே இருக்கும். இப்படிச் சேர்த்தது 30 நாளில் தானாக நீங்கிவிடும். ஒரு மாதம் கழித்து 'மறுபடியும் ரிப்பேர்' என்று பயப்பட வேண்டாம், திரும்பச் சேர்த்தால் போதும். முகவரியை முழுதாகப் பார்த்துப் போடுங்கள். எல்லா பேங்க்குகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பழைய முகவரியைச் சேர்த்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று பலர் கேட்கிறார்கள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருக்கிறதே, அந்தப் பென் டிரைவ் மாதிரியான பொருள், அதைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்ற சின்ன புரோகிராமையும் புது கம்ப்யூட்டரில் போட வேண்டும். அன்று நாம் மாட்டிப் பார்த்தபோது அசையாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், அண்ணே. பேங்க் கொடுத்ததாக நீங்கள் காட்டிய நான்கு பக்க வழிமுறைத் தாளில், செக்யூரிட்டியை 'லோ'வில் வைக்கவும், எச்சரிக்கை வந்தால் 'எஸ்' கொடுக்கவும், தானாக முளைக்கும் சின்ன ஜன்னல்களுக்கான பாப்-அப் தடையை எடுத்துவிடவும் என்று இருந்தது. நம் பணத்தைக் காக்க வேண்டியவர்களே, வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வாருங்கள் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பாப்-அப்பை மட்டும் அந்த ஒரு தளத்துக்கு அனுமதியுங்கள். மற்ற எதையும் தளர்த்த வேண்டாம்.

இது ஏன் இப்படி ஆனது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி-யோடு 2001-ல் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த சில வருஷங்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அதைத்தான் வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் கட்டிய தளங்கள் அதற்கு மட்டுமே அளவெடுத்துத் தைத்த சட்டைகள். கையெழுத்து டோக்கனைப் படிக்க பிரவுசரோடு ஒட்டி ஓடும் ஆக்டிவ்எக்ஸ் என்ற சின்ன புரோகிராம் துணுக்கு வைத்தார்கள், அது எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடும். சிலர் ஜாவா துணுக்கு வைத்தார்கள். அந்த மாதிரித் துணுக்குகளை குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் கைவிட்டன. எக்ஸ்ப்ளோரரையே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. எட்ஜுக்குள் இருக்கும் அந்த மோட் மட்டும் 2029 வரையாவது இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்றும் ராத்திரியோடு ராத்திரியாக நடக்கவில்லை. ஒவ்வொன்றும் வருஷக்கணக்கில் முன்கூட்டியே அறிவித்து நடந்தது.

தென் கொரியாவில் ஒரு நாடே இதில் சிக்கிக் கிடந்தது. தகவலைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டி அனுப்பும் வலுவான மறையாக்க முறைகளை அமெரிக்கா வெளிநாட்டுக்கு விடாமல் கட்டுப்படுத்தியிருந்த 1990-களின் கடைசியில், அவர்கள் தங்களுக்கென்று ஒரு முறை உருவாக்கி அதை ஆக்டிவ்எக்ஸ் வழியாக ஓட்டினார்கள். பிறகு பேங்க், கடை, அரசு அலுவலகம் எதற்குப் போனாலும் எக்ஸ்ப்ளோரர்தான். அங்கே ஜனங்கள் பல வருஷம் விடாமல் கேட்டார்கள். கடைசியில் சட்டம் மாறி, அந்த முறையோடு ஒட்டி இருந்த, இணையத்தில் ஆளை அடையாளம் காட்டும் அரசு அங்கீகாரச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்து 2020 டிசம்பரில் போனது. கேட்டால் மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால் நீங்களும் எழுத்தில் கேளுங்கள், அண்ணே. கிளையில் வாயால் சொன்னது காற்றோடு போகும். நான் எழுதித் தந்தது இதுதான், மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்: "எங்கள் நடப்புக் கணக்கின் இணையச் சேவை, 2022-ல் நிறுத்தப்பட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்கிறது. தற்போது பாதுகாப்பு அப்டேட் பெறும் எந்த பிரவுசரில், எந்தத் தேதிக்குள் இச்சேவை கிடைக்கும் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவும். அதுவரை எங்கள் பணப் பரிமாற்றங்களுக்கு மாற்று ஏற்பாடு செய்து தரவும்." ஒரு நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள், புகார் எண்ணைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் கேட்டால் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள்.

பட்டன் பேட்டரி சிஆர்2032. டவுன்ஹால் ரோட்டில் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். மாற்றும்வரை காலண்டர்தான்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 71. ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருக்கிறேன், தவறாமல் அப்டேட் செய்கிறேன். ஆனாலும் பேங்க் தளம் 'உங்கள் பிரவுசர் பழையது' என்கிறது. கிளையில் கேட்டபோது, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்றார் ஒரு தம்பி. தவறு என்னிடமா?
- திருமங்கலம்

பதில்: ஐயா, தவறு உங்களிடம் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு பிரவுசரும் ஒரு தளத்துக்குள் நுழையும்போது தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியாகச் சொல்லும். உங்கள் பேங்க் தளம் அந்த வரியை மட்டும் வாங்கி, தன் கையில் இருக்கும் பழைய பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லை என்றால் 'பழையது' என்கிறது. அந்த பிரவுசரால் வேலை செய்ய முடியுமா என்று பார்ப்பதே இல்லை. பட்டியலை எழுதியவர் மாறிப்போயிருப்பார், பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்தப் பட்டியல் முறை எவ்வளவு பலவீனம் என்பதற்கு ஓர் உதாரணம். ஓபரா என்று ஒரு பிரவுசர். அதன் 10-வது பதிப்பு 2009-ல் வந்தபோது, நிறைய தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதைப் பதிப்பு 1 என்று எடுத்துக்கொண்டன. வேறு வழியில்லாமல் ஓபரா அந்த அடையாள வரியில் தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. 2022-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோது, மூன்று இலக்கத்தைப் படிக்கத் தெரியாத தளங்கள் அதை 10 என்று நினைத்துவிடுமோ என்று அவர்களே முன்கூட்டிச் சோதனை செய்து பார்க்க வேண்டியிருந்தது. அப்படியிருக்க, உங்கள் வயதைக் காட்டிப் பேச அந்தத் தம்பிக்கு என்ன இருக்கிறது?

என் அப்பா நினைவுக்கு வருகிறார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கணக்கை நெட்டில் பார்க்க ஆசைப்பட்டு என் சென்டருக்கு வருவார். அந்தப் பக்கத்தின் அடியில், எக்ஸ்ப்ளோரர் 6, 800க்கு 600 திரை அளவில் பார்க்கவும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். அப்பா அதைத் தன் பாஸ்புக்கின் பின் அட்டையில் பென்சிலால் அப்படியே எழுதி வைத்திருந்தார். ஏதோ பேங்க் விதி, மீறினால் பென்ஷன் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறார். என்னிடமே வருஷக்கணக்கில் கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் அந்தப் பாஸ்புக்கைப் பார்த்தேன். தனக்குத்தான் தெரியவில்லை என்று பெரியவர்கள் இப்படி வாயை மூடிக்கொள்வது எனக்குத் தாங்கவே முடிவதில்லை, ஐயா. நீங்கள் கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு நன்றி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அதே லேப்டாப்பில் குரோமையோ எட்ஜையோ புதுப் பதிப்பாக வைத்து ஒருமுறை முயலுங்கள். அதில் திறந்தால் பேங்க்கின் பட்டியல்தான் கோளாறு என்பது உறுதி. அதை எழுதி அனுப்புங்கள். பிரவுசர் தன் பெயரை மாற்றிச் சொல்லும்படி செய்கிற எக்ஸ்டென்ஷன் என்ற ஒட்டு புரோகிராம்கள் உண்டு, யாராவது போட்டுத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அப்படிப்பட்டவை பெரும்பாலும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதி கேட்கும், பேங்க் பக்கத்தையும் சேர்த்து.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பல தமிழ்ப் பத்திரிகைகளின் தளங்களும் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும், மற்றதில் கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு எல்லோரும் மாறினார்கள், இன்று எந்தக் கைபேசியிலும் தமிழ் தெரிகிறது. கையில் அதிகக் காசு இல்லாத பத்திரிகைகளால் முடிந்தது.

கேள்வி: அண்ணனுக்கு ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு இலவச லேப்டாப்பை நான் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் 7. பேங்க் தளம் திறக்கவில்லை. இதற்கும் பேங்க்தான் காரணமா?
- கல்லூரி மாணவி, ஒத்தக்கடை

பதில்: இல்லை, கண்ணு. இந்த முறை பேங்க் செய்வது சரி. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. குரோமும் 109-வது பதிப்போடு அதைக் கைவிட்டது. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருக்கும் மெஷினில் பாஸ்வேர்டு போட வேண்டாம். கீழமாசி வீதி அண்ணனுக்குச் சொன்னதும் உனக்குச் சொல்வதும் ஒரே விஷயம்தான்: இன்றைக்கும் பழுது பார்க்கப்படுகிற பிரவுசரில் மட்டும் பணம். அதைத் தடுத்தால் பேங்க் மேல் கோபப்படு, அதைத்தான் வை என்று சொன்னால் பேங்க் சொல்வதைக் கேள்.

லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விண்டோஸோடு 'பாஸ்' என்று இன்னொன்றும் அதில் இருந்திருக்கும், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் இலவச மென்பொருள். நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதன் இன்றைய பதிப்பையோ, லினக்ஸ் மின்ட்டையோ இலவசமாக இறக்கிப் போடலாம். புது ஃபயர்ஃபாக்ஸ் அதில் ஓடும். முதலில் அண்ணன் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்குக் கொண்டு வா, சேர்ந்து போடுவோம்.

கேள்வி: மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். போன வாரம் பேங்க்கில் இருந்து என்று ஒரு போன். "உங்க பிரவுசர் காலாவதி ஆயிருச்சு, இன்னைக்கு ராத்திரிக்குள்ள நெட் பேங்கிங் முடங்கிரும்" என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினார்கள். இன்ஸ்டால் செய்துவிட்டேன். ஓடிபி கேட்டதும் சந்தேகம் வந்து வைத்துவிட்டேன். பணம் போகவில்லை. இனி பயமில்லையே?
- குடும்பத் தலைவி, உசிலம்பட்டி

பதில்: பயம் இன்னும் போகவில்லை, தங்கச்சி. இதைப் படித்ததும் செய். அந்தப் போனில் நெட்டை அணை. வேறு போனில் இருந்து, பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொல். அந்த ஃபைலை நீக்கு, நீங்கவில்லை என்றால் போனை முழுதாக ரீசெட் செய். பாஸ்வேர்டை வேறு கருவியில் மாற்று. பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, பேங்க் மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை, வெளியாள் புகுந்து எடுத்தான் என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், பேங்க்குக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் தலையில் விழும். தெரிவித்த பிறகு போவது பேங்க்கின் பொறுப்பு. அதனால்தான் நேரம் முக்கியம்.

நீ ஏமாந்தது உன் குற்றமில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நிஜமான பேங்க் தளங்களே இத்தனை வருஷமாக 'உங்கள் பிரவுசர் சரியில்லை', 'இதை இன்ஸ்டால் செய்', 'எச்சரிக்கைக்கு எஸ் கொடு' என்று நம்மைப் பழக்கியிருக்கின்றன. திருடன் அதே வார்த்தையைச் சொல்கிறான், நம் கை தானாகப் போகிறது. பழைய தளத்தை மாற்றாமல் வைத்திருப்பதை வெறும் சிரமம் என்று நான் எடுத்துக்கொள்ளாததற்கு உன் கடிதம்தான் காரணம்.

கேள்வி: எல்லா பேங்க்குக்கும் ஆப் இருக்கிறதே, எதற்கு வெப்சைட்?
- கே.கே. நகர், மதுரை

பதில்: உங்கள் ஒருவர் கணக்குக்கு ஆப் போதும், தம்பி. கடைக் கணக்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்த்து அனுமதிக்க வேண்டியிருக்கும். ஐம்பது பேர் சம்பளத்தை ஒரே ஃபைலில் ஏற்ற வேண்டும், ஆடிட்டருக்கு வருஷ ஸ்டேட்மென்ட் எடுக்க வேண்டும். கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பெரிய திரை வேண்டும். ஆப்பும் பழைய போன்களை ஒதுக்கத்தான் செய்கிறது.

கேள்வி: நான் ஒரு பேங்க் கிளையில் கிளார்க். தளம் திறக்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். தளத்தைக் கட்டுவது எங்கோ இருக்கும் தலைமை அலுவலகம். கவுன்டரில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும், அக்கா?
- பெயர், ஊர் வேண்டாம்

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது. தளத்தை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் புகார் எண் போட்டுத் தர முடியும். என்ன கம்ப்யூட்டர், எந்த பிரவுசர், என்ன செய்தி வந்தது என்று மூன்று விவரத்தோடு போடுங்கள். வாய்ப்பேச்சாகப் போன நூறு குறை தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது, எண் போட்ட இருபது புகார் தெரியும். எந்த பிரவுசரில் இன்று வேலை செய்கிறது என்று நீங்களே சோதித்து, பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாளில் எழுதி கவுன்டரில் ஒட்டுங்கள், தேதியோடு. மாதம் ஒருமுறை அதைத் திருத்துங்கள்.

திருமங்கலத்து ஐயாவைப் போல ஒருவர் வந்தால், நாற்காலி கொடுத்து, "தப்பு எங்க சைட்டுல இருக்கு சார், நான் எழுதி அனுப்புறேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவருக்குச் செலுத்த வேண்டிய பணம் ஏதாவது இருந்தால் கவுன்டரிலேயே முடித்து அனுப்புங்கள்.